வண்டி இல்லாத நேரம்

எங்கள் சபைக்குச் சொந்தமாக ஒரு சர்வர் வந்தது ஒரு ரம்மி விளம்பரத்தால்தான். சித்தூரில் எங்கள் சர்ச்சின் ஞாயிறு ஆராதனையையும் அடக்க ஆராதனைகளையும், ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் பார்க்கட்டுமென்று, இலவசமாக வீடியோ காட்டும் ஒரு தளத்தில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முதிய அம்மாவை அடக்கம் செய்த நாளில், போதகர் குனிந்து கைப்பிடி மண்ணை எடுத்த அதே நேரத்தில், திரையில் எவனோ சீட்டுக்கட்டை விசிறிப் பிடித்துக்கொண்டு வந்து, இன்றே விளையாடுங்கள் என்று பல்லைக் காட்டினான். அந்த அம்மாவின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து போதகரைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. "சொந்தமா ஒன்னு வச்சிக்கலாமே. நம்ம பையன் எதுக்கு இருக்கறான்?" என்று சொன்னவர் என் அப்பா, நைனா. ரேணிகுண்டா ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கமிட்டியில் வயதில் மூத்தவர். நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பங்காருபாளையம் பக்கத்து மாம்பழக்கூழ் பாக்டரிகளில் பில் போடும் மெஷின் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே தீர்மானம் நிறைவேறியது. எங்கள் கமிட்டியில் எல்லாத் தீர்மானமும் அப்படித்தான் நிறைவேறும்.

சென்னையில் பழையதாக ஒரு சர்வர் வாங்கி வந்து, சர்ச்சில் போதகர் அங்கி மாட்டும் சிறிய அறையில் வைத்தேன். கிரைண்டர் ஓடுவதுபோல் சத்தம் போட்டது. ஆனாலும் ஓடியது. இதற்காக அதிகம் சந்தோஷப்பட்டவள் என் அக்கா. வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த நாட்டில் நாம் பேசும் வீடியோ கால்கள் எதுவும் வேலை செய்யாது, தடை. சாதாரண போன் செய்யலாம், படம் அனுப்பலாம், அவ்வளவுதான். நைனாவின் முகத்தை அவள் அசைவோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும். "நைனா இன்னிக்கு பிரசங்கத்துல தூங்கிக்கினு இருந்தாரு, எழுப்ப மாட்டியாடா நீ?" என்று மதியம் போன் வரும்.

கேமராவைக் கண்டால் முறைக்கிற மனுஷன், அக்கா பார்க்கிறாள் என்று தெரிந்த பிறகு இடத்தை மாற்றிக்கொண்டார். எப்போதும் தூண் மறைவில் உட்காருகிறவர் நடுப்பாதை ஓரத்துக்கு வந்துவிட்டார். ஆசீர்வாதம் முடிந்ததும் கேமரா பக்கம் திரும்பி, வலது கையைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டுவார். ரயில் கார்டுக்கு வண்டியை விடு என்று காட்டுகிற மாதிரி இருக்கும்.

கோடை வந்தது. கரண்டும் போக ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை நடுவில் போனது, அடுத்த வாரம் முதல் பாட்டிலேயே போனது. இன்வெர்ட்டர் அந்த மெஷினைத் தாங்கவில்லை. அந்தச் சின்ன அறையின் சூட்டில் மெஷின் தானே படுத்துக்கொண்டது. இந்த வாரமும் நைனாவைப் பார்க்க முடியவில்லை என்று அக்கா போன் செய்தாள். சர்வரை வேறு எங்காவது கொண்டுபோய் வைப்பதைத் தவிர வழியில்லை என்று நான் கமிட்டியில் சொன்னேன்.

"வேற எங்கன்னா?"

"மெஷின் நம்முது. எடம், கரண்ட்டு, ஏசி, நெட்டு எல்லாம் அவங்குது. கோலொகேஷன்னு பேரு."

"லாட்ஜுல ரூம் எடுக்கற மாதிரின்னு சொல்லு," என்றார் செயலாளர்.

"திருப்பதில மனுசனுக்கே லாட்ஜு கெடைக்க மாட்டேன்னுது," என்றார் போதகர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் சென்னைக்குப் போய் ஒரு பெரிய இடத்தைப் பார்த்து வந்தேன். எங்கள் மெஷினின் முதுகில் கரண்ட்டுக்கு இரண்டு வாய் உண்டு. அங்கே இரண்டு வாய்க்கும் தனித்தனி வழியில் கரண்ட் வரும். தனித்தனி பேட்டரி, தனித்தனி ஜெனரேட்டர். ஒரு வழியில் ரிப்பேர் என்றால் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த இடத்தைப் பார்த்ததுமே மனசு அதில் விழுந்துவிட்டது. ஊருக்கு வந்து, கமிட்டியின் முன்னால் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கம்பெனிக்காரரைப் பேச வைத்தேன். அவர் கழுத்து டை என் கண்ணில் நின்றுகொண்டிருந்தது, ஆனால் கமிட்டிக்கு அவர் குரல் மட்டும்தானே கேட்டது.

நைனா ஒரே கேள்விதான் கேட்டார். "ஞாயித்துக்கிழமை ரிப்பேர் வேல செய்வீங்களா?"

"எந்த நாளிலும் செய்வோம் சார். ஆனா உங்களுக்குத் தெரியவே தெரியாது."

நைனா போனை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "பாத்தியாடா? லைன்ல ஆளு நின்னு வேல செய்வானாம், ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாதாம். இவன நம்பறதா?"

அவருடைய உலகத்தில் அது பெரிய குற்றம். தண்டவாளத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால், வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பாதையைச் சில மணி நேரம் மூடிக் கொடுப்பார்கள். அதற்கு ப்ளாக் என்று பேர். ஒருமுறை ப்ளாக் கொடுத்துவிட்டால், நேரம் முடியும்வரை யார் வந்து கெஞ்சினாலும் வண்டியை விடக் கூடாது. தண்டவாளத்தில் ஆள் நிற்பான். நைனா வாழ்நாளெல்லாம் ப்ளாக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் கிணற்றைத் தூர் வாருவதற்குக்கூட அம்மாவிடம் ப்ளாக் கேட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. "ப்ளாக்கே வேணாம்னு சொல்றவன் பொய் சொல்றான்," என்று முடித்துவிட்டார். இரண்டு வழி கரண்டைப் பற்றி நான் தாளில் படம் வரைந்து காட்டினேன். படத்தைப் பார்த்துக்கொண்டே வேர்க்கடலை தின்றார்கள்.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலை பக்கம் சின்னதாக ஒரு இடம் இருப்பதாக யாரோ சொல்ல, கமிட்டி மொத்தமும் ஒரு காரில் கிளம்பியது. அந்த இடத்தின் சொந்தக்காரர் நெற்றியில் நாமத்தோடு மாடிப்படிக்கே வந்து கைகூப்பினார். வம்சமாக மலைமேல் கோயில் சேவையில் இருக்கிற குடும்பம், இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துக் கீழே இறங்கிவிட்டார். போதகரைப் பார்த்து, "வாங்கோ சுவாமி," என்றார். உள்ளே தூசி போகக் கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொன்னார். எங்கள் ஆட்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். போதகர் காலியாக இருந்த ஒரு ரேக்கின் மேல் கையை வைத்து ஜெபமே பண்ணிவிட்டார். அந்த நாமக்காரரும் கண்ணை மூடி நின்றார். நான் மட்டும் கரண்ட் வருகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே வழிதான் இருந்தது.

"ப்ளாக் எப்ப எடுப்பீங்க?" என்றார் நைனா. அதற்கு விளக்கமும் சொன்னார்.

"மாசத்துல ஒரு நாள், மூணு மணி நேரம் வேணும் சுவாமி. இங்க கரண்ட்டுக்கு ஒரே வழிதான். மறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை உங்க மெஷின்கிட்டக்கூடப் போகமாட்டேன். பூஜைக்கு நேரம் தவறினா என்னன்னு நேக்குத் தெரியும். எங்காத்துல எல்லாரும் அந்த வேலைதான் பண்றா."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆள் கிடைத்துவிட்டான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"அப்போ என்னைக்கு எடுத்துக்கலாம், நீங்களே சொல்லிடுங்கோ."

அங்கேயே, ஏசி குளிரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, கமிட்டி வாரத்தைப் பங்கு போட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், கூடாது. வியாழன் பாடகர் குழு பாடிப் பார்க்கும், அதையும் சிலபேர் பார்ப்பார்கள். செவ்வாய் பெண்கள் கூட்டம். சனிக்கிழமை கல்யாணம் வரும். திங்கள்கிழமை போதகரின் வேதபாடம். "புதன்கிழம மத்தியானம் நமக்கு ஒன்னும் கெடயாது," என்றார் நைனா. "ரெண்டுல இருந்து அஞ்சு. வண்டி இல்லாத நேரம். எடுத்துக்குங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "நைனா, அன்னிக்குன்னு பாத்து சாவு வந்தா?" என்றேன். அடக்க ஆராதனையில் ரம்மிக்காரன் வந்ததால்தானே இந்தக் கூத்தெல்லாம்?

எல்லோர் முகமும் சுருங்கியது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னா பேச்சு பேசற நீ?" என்றார் நைனா. நாள் பார்ப்பதில்லை, சகுனம் பார்ப்பதில்லை என்று பிரசங்கம் கேட்கிற கூட்டம்தான். ஆனாலும் ஒரு காரியம் தொடங்கும்போது சாவு என்ற சொல் யார் வாயிலும் வரக் கூடாது. செயலாளர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபத்துக்குத் திருப்பதியில் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாளும் நிற்கவில்லை. நாமக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ப்ளாக்குக்கு ஒரு வாரம் முன்னால் மறக்காமல் மெயில் போடுவார், நான் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். நைனா நடுப்பாதை ஓரத்தில் உட்கார்ந்து தூங்கினார், எழுந்தார், கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா பார்த்தாள். இலவசத் தளத்தில் இருந்த எங்கள் கணக்கை மூடும்படி கமிட்டி சொன்னது, மூடினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நைனா இட்லி தின்றுகொண்டே நெஞ்சில் கை வைத்தார். ஆட்டோ வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்காவுக்கு நான்தான் சொன்னேன். அழுது முடித்துவிட்டு லீவு கேட்கப் போனாள். அங்கே உடனே விட முடியாது, பத்து நாளாவது ஆகும் என்றார்கள். நைனாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டா. அவரு ஒரு நாளும் வண்டிய லேட்டா விட்டதில்ல. நாளைக்கே எடுத்துடுங்க. பொட்டிய மூடறதுக்கு முன்னாடி அவரு மூஞ்சிய எனக்குக் காட்டு. அது போதும்."

எங்களில் பெட்டியை மூடுமுன் எல்லோரும் வரிசையாக வந்து முகம் பார்ப்பார்கள். பிள்ளைகள்தான் கடைசி. அந்த வரிசையில் அவள் இடம் கேமராவுக்குள் இருந்தது. புதன்கிழமை மூன்று மணிக்கு அடக்கம் என்று அறிவித்தோம். புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் எடுத்து வந்தார்கள். சாவு வீட்டின் ஆயிரம் வேலையில் எனக்குக் கிழமை மட்டும் உறைக்கவில்லை.

இரண்டரைக்குச் சர்ச்சில் கேமராவை நிறுத்தி லேப்டாப்பைத் திறந்தேன். பக்கம் வரவில்லை. மறுபடி போட்டேன், வரவில்லை. அப்போதுதான் போன வாரத்து மெயில் நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் புதன், ப்ளாக் நாள்.

திருப்பதிக்குப் போன் செய்தேன். நாமக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேட்டரி மாத்தறோம் சுவாமி, போர்டு மொத்தமும் கழட்டியாச்சு. எலக்ட்ரீஷியன் கை உள்ள இருக்கு. இப்போ கரண்ட் விட்டா ஆள் போயிடுவான். நேக்கு என்ன பண்றதுன்னு தெரியலையே."

நான் ஸ்டேஷன் மாஸ்டர் பிள்ளை. லைனில் ஆள் நிற்கும்போது வண்டியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேணாம், சீக்கிரம் முடிங்க," என்று மட்டும் சொன்னேன்.

இலவசத் தளத்தில் புதிதாகக் கணக்குத் திறந்தேன். நேரலைக்கு ஒரு நாள் காத்திருக்கச் சொன்னது. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் நாலு வழி தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை. மாலை எங்கே, பாட்டு எந்த நம்பர், பெட்டிக்குத் தோள் கொடுக்க யார் யார் என்று ஆளாளுக்கு என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதகரிடம் போய் ஐந்து மணிவரை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், சரி என்றார். பாடகர் குழுவை இன்னும் பாடச் சொன்னார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, பாடினதையே மறுபடியும் பாடினார்கள். நாலு மணி வாக்கில் வானம் கறுத்தது. பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்திலிருந்து குழி வெட்டின ஆள் ஓடிவந்து, மழை பிடித்தால் மண் சரிந்துவிடும் என்றார். முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. செயலாளர் என் தோளில் கை வைத்தார்.

"இதுக்கு மேல முடியாதுப்பா."

அந்தப் பக்கம் அக்கா நர்ஸுகள் அறையில், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வார்டை வேறொரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாதாரண போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, வராதுக்கா."

"கரண்ட்டா?"

"ப்ளாக்கு."

அவளும் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். "நைனா குடுத்தாரே, அந்த ப்ளாக்கா?"

"ஆமாக்கா."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன், ரெக்கார்டு ஓடுகிறது, அதையும் அனுப்புகிறேன் என்று உளறினேன். "போட்டோ வேணாம்டா. போட்டோல அவரு எப்பவும் அசையாமதானே இருப்பாரு," என்றாள். பிறகு, "போன அவரு காதுகிட்ட வை," என்றாள்.

வைத்தேன். சபை முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. போனை நைனாவின் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் காது ஐஸ் போல இருந்தது. எவ்வளவு நேரம் பேசினாள், நடுவில் லைன் கட்டானதா என்று தெரியவில்லை. நான் எடுத்து என் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. பெட்டியை மூடினோம். குழிக்குப் போகும் வழியெல்லாம் மழை.

ஐந்து மணிக்குச் சொன்னபடி சர்வர் எழுந்துகொண்டது. நைனாவாக இருந்தால் மெச்சியிருப்பார்.

மறுநாள் நாமக்காரர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, நைனாவின் படத்துக்கு எதிரே கைகட்டி நின்றார். திட்ட வேண்டுமென்று எனக்கு ஆசைதான். ஆனால் எதற்கென்று திட்டுவது? சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, கேட்டபடி செய்த ஆள். "இனிமே புதன்கிழமை வேணாம் சுவாமி. வேற ஒரு நாள் நீங்க சொல்லுங்கோ, மாத்திடறேன்," என்றார். எந்தக் கிழமையைச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

வருஷம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. சென்னைத் தாள்களை மறுபடி எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். இந்தமுறை படம்கூட வரைய வேண்டியிருக்காது, நடந்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தானே என்று நினைத்தேன். செயலாளர் தாள்களைத் தொடவே இல்லை. "உங்க நைனா பாத்து வச்ச எடம்பா அது. அவரு போனதும் மாத்திட்டோம்னா நல்லாவா இருக்கும்?" என்றார். சிலருக்குக் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் நின்றதில்லையே என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் உண்மைதான். நைனாவின் மேல் வைத்த பிரியத்தோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்? தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த அடக்க ஆராதனையின் வீடியோ சர்வரில்தான் இருக்கிறது. அவள் இதுவரை திறந்ததில்லை, நானும் ஏனென்று கேட்டதில்லை. காதில் என்ன சொன்னாள் என்றும் கேட்டதில்லை. கமிட்டி சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டு, நீ சொல்லு, உனக்காகவாவது சென்னைக்கு மாற்றச் சொல்லி நான் சண்டை போடுகிறேன், என்றேன்.

"எங்க வேணா வச்சிக்கோடா," என்றாள். "அங்க இனிமே நா கடைசியா பாக்க வேண்டிய மூஞ்சி உன்து ஒன்னுதான். அதுக்கு முன்னாடி நா வந்துடறேன்."

சரிக்கா என்றேன். ப்ளாக் இன்னும் புதன்கிழமை மத்தியானம்தான்.